தண்ணி ஊத்த ஆள் இருக்கா?



"பிரசவக் குளியல் பொடி" என்று ஒரு பாக்கெட் இப்போ பட்டணத்தில் நல்லா விற்குதாம். நொச்சி, வேப்பிலை, தைல இலை, மஞ்சள் எல்லாத்தையும் காயவைத்து அரைத்து, மேலே மலைப் படம் போட்டு, "பாட்டிமார் ரகசியம்" என்று எழுதி வீட்டு வாசலுக்கே அனுப்புகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உடம்பு வலி போகும், வயிறு சுருங்கும், பால் ஊறும், கருப்பை சுத்தமாகும் என்று எல்லாமே அந்தப் பாக்கெட்டில் இருக்கு.

நான் இலைக்கு எதிரி இல்லை. இலை முளைக்கிற மண்ணில்தான் ஐம்பது வருஷத்துக்கு மேலே கிடக்கேன். இந்த வியாபாரத்துக்குத்தான் எதிரி. ஏன்னு சொல்றேன். முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

எங்க ஊர் பழனி மலையில் கீழ்மலைப் பக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரம். காபி, மிளகு, மலைவாழை, சவ்சவ் போடுகிற ஊர்கள். நீங்க கொடைக்கானல் ஏரியைப் பார்க்க வத்தலகுண்டிலிருந்து மலை ஏறிப் போகிறபோது, எங்க பக்கம் திரும்பாமல் நேராப் போயிருவீங்க. பரவாயில்லை.

எங்க வீடுகளில் இதைக் குளியல் என்று யாரும் சொல்றதில்லை. "தண்ணி ஊத்துறது" என்றுதான் சொல்வோம். "மகளுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று விசாரிப்பார்கள். இந்தப் பேச்சைக் கொஞ்சம் கவனிங்க. குளிக்கிறது ஒருத்தி தானாச் செய்யறது. ஊத்துறது இன்னொருத்தர் வந்து செய்யறது. பிள்ளை பெத்தவ அங்கே ஒரு வேலையும் செய்யக் கூடாது. மனையில் உட்கார்ந்தால் போதும்.

எப்படிச் செய்வார்கள் என்று தெரியாதவங்களுக்குச் சொல்றேன். காலையில் வேலியோரம், ஓடையோரம் போய் இலை ஒடிச்சிட்டு வரணும். மண் போக அலசணும். வெந்நீர் அடுப்பில் அண்டா நிறையத் தண்ணி வெச்சு, இலையைப் போட்டு, தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வர்ற வரைக்கும் விறகு தள்ளணும். அப்புறம் இலையை எடுத்துப் போட்டுட்டு, பச்சைத் தண்ணி விட்டுக் கை பொறுக்கிற சூட்டுக்கு விளாவணும். நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்ச்சு, இடுப்பு, முதுகு, கால் என்று சொம்பு சொம்பா நிதானமா ஊத்தணும். தலையைத் துவட்டி, பழைய பருத்திச் சேலையைக் கிழிச்சு வயித்துக்கட்டு கட்டி, சூடாப் பூண்டுக் குழம்பும் சோறும் போட்டு, பிள்ளையை வாங்கிக்கிட்டு அவளைத் தூங்கச் சொல்லணும். ரெண்டு மணி நேரம் எழுப்பக் கூடாது.

இதில் பாக்கெட்டுக்குள் போடக்கூடியது எவ்வளவு? ஒரு கைப்பிடி இலை. மிச்சம் எல்லாம் ஆள் வேலை. ஒரு தடவை தண்ணி ஊத்த ஒரு பொம்பளையோட அரை நாள் போயிரும். அந்த அரை நாளை யாரும் விலைக்கு விற்கிறதில்லை. அதனால் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். நல்ல படிச்ச பையன், மரியாதையாப் பேசினான். "அண்ணா, மாசாமாசம் காய்ஞ்ச நொச்சி இலை மூட்டைக் கணக்கில் வேணும், தர முடியுமா?" என்று கேட்டான். கிலோவுக்கு அவன் சொன்ன விலை, ஒரு ஆளை விட்டு இலை ஒடிச்சுக் காயவைக்கிற கூலிக்குப் பத்தாது. அவன் போனில் காட்டின பாக்கெட்டோ நூறு கிராம்தான், விலை நூறுகளில் இருந்துச்சு. அதுகூடப் பரவாயில்லை, வியாபாரம் என்றால் அப்படித்தான். கடைசியில் கேட்டான் பாருங்க: "ஊர்ல வயசான பாட்டி யாராச்சும் இருந்தா ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? பாக்கெட்ல போட்டா நல்லா இருக்கும்."

பாட்டியோட முகம் வேணும். பாட்டியோட கை வேணாம். பாட்டிக்குக் கூலியும் வேணாம். இதுதான் இந்த மொத்த வியாபாரத்தோட கதை.

"ஆதிகால முறைப்படி தயாரித்தது" என்று வேறு எழுதியிருக்காங்க. ஆதிகால முறை என்று ஒண்ணு இருந்தால்தானே? எங்க மலையிலேயே ஊருக்கு ஊர் இலை மாறும். அடிவாரத்தில் நொச்சி, வேம்பு, புளிய இலை, வாதநாராயணன் தாராளமாக் கிடைக்கும், அதைப் போட்டாங்க. எங்க உயரத்தில் வேம்பு தேறாது. ஓடையோரத்து நொச்சி, கொய்யா இலை, நாரத்தை இலை என்று கிடைச்சதைப் போட்டாங்க. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் தைல இலைதான் கைக்கு எட்டும். அந்தத் தைல மரம், அதாவது யூக்கலிப்டஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டில் கொண்டு வந்து நட்டது. அதைப் போய் ஆதிகாலத்துச் சித்தர் சொன்னதாக எழுதினால் சிரிக்கவா அழவா?

எந்த இலை போட்டாலும் பெண்கள் தேறினார்கள். இதிலிருந்து என்ன தெரியுது? எல்லா ஊரிலும் மாறாமல் இருந்தது வெந்நீர், ஊத்துற கை, அதுக்கப்புறம் தூக்கம். இலை வாசனை நல்லது, மஞ்சளும் வேம்பும் புண்ணுக்கு நல்லது என்று நம்புறோம், அதில் தப்பில்லை. ஆனால் அஸ்திவாரம் இலையில் இல்லை.

சரி, அந்தக் கை யாருடையது என்றும் பேசணும். "நம் முன்னோர் அறிவு" என்று மார் தட்டுகிற ஆட்கள் இந்த இடம் வந்தால் பேச்சை மாத்திருவாங்க. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, நாவிதர் குடும்பத்துப் பெண். ராத்திரி எந்த நேரம் கூப்பிட்டாலும் வரணும். பிள்ளையை எடுத்து, கொடி அறுத்து, ரத்தத் துணி துவைச்சு, நாள் கணக்கில் தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணி ஊத்தணும். அவளுக்குக் கிடைச்சது என்ன? ஒரு படி நெல்லோ கேழ்வரகோ, ஒரு பழைய சேலை. தண்ணி ஊத்தி முடிச்சதும் அவள் திண்ணைக்கு வெளியே நிற்கணும். உயிரைக் காப்பாத்தின கையில் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்கள் இவை. காட்டுக்குள் தேனும் கிழங்கும் மருந்துச் செடியும் எடுத்துப் பிழைத்த பளியர் மக்களுக்கும் இதே மரியாதைதான். செடி பேர் எல்லாம் அவங்ககிட்டக் கேட்டுக்கிட்டு, அவங்களை ஊருக்கு வெளியே நிறுத்தினோம்.

இன்னைக்கு அந்த அறிவு பாக்கெட்டுக்கு வந்திருச்சு. அந்தக் குடும்பங்களுக்கு அதில் ஒரு பைசா வந்திருக்கா? "பாரம்பரியம்" என்று சொல்கிற ஒவ்வொருத்தரும் முதலில் இந்தக் கணக்கைத் தீர்த்துட்டுப் பேசட்டும்.

தீட்டு விஷயமும் இருக்கு. தீட்டுக் கழிக்கிறதுக்காகத் தலைக்கு ஊத்துறது வேறு, உடம்பு தேத்த ஊத்துறது வேறு. ரெண்டையும் ஒரே அண்டாவில் போட்டுக் கலக்கி வெச்சிருக்காங்க. பிள்ளை பெத்தது அசுத்தம் என்று சொல்லி, பச்சை உடம்புக்காரியை ஒதுக்குப்புறமா, காத்து வராத மூலையில் போட்டதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒண்ணு எனக்குத் தோணும். வருஷம் பூரா உழைச்ச பொம்பளைக்கு "நீ ஓய்வெடு" என்று சொல்ல அந்தக் காலத்து வீட்டுக்கு வாய் வரலை. "நீ தீட்டு, அடுப்படிக்கு வராதே" என்று சொல்லத்தான் வாய் வந்துச்சு. அவளுக்குக் கிடைச்ச ஒரே லீவு, அவமானம் என்கிற பேரில் கிடைச்ச லீவு. இப்போ நாம செய்ய வேண்டியது அந்த அவமானத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுட்டு லீவை மட்டும் பத்திரமா வெச்சுக்கறது. நாம என்ன செஞ்சோம்? லீவைத் தூக்கிப் போட்டுட்டு, தீட்டையும் பொடியையும் வெச்சுக்கிட்டோம்.

இதைப் படிச்சதும் இன்னொரு கூட்டம் சந்தோஷப்படும். "பார்த்தீங்களா, எல்லாம் மூடநம்பிக்கை" என்று. அவங்களுக்கும் பதில் இருக்கு.

வெந்நீர் உடம்பு வலிக்கு இதம் தரும் என்பதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. தையல் போட்ட இடத்தில் வலி குறைய, அகலத் தொட்டியில் இளஞ்சூட்டு வெந்நீர் விட்டு உட்காரச் சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸம்மாவே சொல்லி அனுப்புறாங்க. 2015இல் தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பெத்தவங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள் இருந்துச்சு, அதில் தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒண்ணு. மலேசியாவில் 2007இலிருந்து சில அரசு ஆஸ்பத்திரிகளிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு வெச்சு, பிள்ளை பெத்தவங்களுக்கு உடம்பு உருவிவிடுறது, சூட்டு ஒத்தடம், வயித்துக்கட்டு எல்லாம் செய்யறாங்க. பயிற்சி எடுத்த ஆள் செய்யறாங்க, டாக்டர் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகு செய்யறாங்க. பழசையும் புதுசையும் சண்டை போட வைக்காமல் ஒரே கூரைக்குக் கீழே வைக்க முடியும் என்பதுக்கு அது சாட்சி.

ஆனா கண்டதையும் பழசு என்று கும்பிடவும் கூடாது. தமிழ்நாட்டில் இன்னைக்கு நூத்துக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். அதில் நூத்துக்குக் கிட்டத்தட்ட 45 சிசேரியன் என்று 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. எங்க அப்பத்தா காலத்து முறை, வயித்தில் கத்தி படாத பொம்பளைக்கு ஏற்பட்டது. அதில் வயித்தைப் பார்த்துத் தண்ணியை வீசி அடிக்கிறதும் உண்டு. அறுத்துத் தைச்ச வயித்தில் அதைச் செய்யலாமா? தையல் ஆறி, டாக்டர் சொன்ன பிறகுதான் தண்ணி, எண்ணெய், கட்டு எல்லாம். புண் மேலே இலைப் பொடியைக் குழைச்சுப் பூசச் சொல்றவன் யாரா இருந்தாலும் வாசலோட அனுப்பிடுங்க.

பிள்ளை பெத்தவளுக்குக் குடிக்கத் தண்ணி கொடுக்கக் கூடாது என்று ஒரு பழைய சட்டம் உண்டு. வெளியே அண்டா அண்டாவா ஊத்துவாங்களாம், உள்ளே ஒரு டம்ளர் கொடுக்க மாட்டாங்களாம். பால் கொடுக்கிற பொம்பளைக்குத் தாகம் எடுக்கும், தாராளமாக் கொடுங்க. பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டாதீங்க, 24 மணி நேரமாவது கழியட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குழந்தை மூக்கில் எண்ணெய் விடுறது, வசம்பு கரைச்சு ஊட்டுறது, சாம்பிராணிப் புகையில் காட்டுறது எதுவும் வேணாம். தாய் தலை உணர்த்தச் சாம்பிராணி போட்டால் குழந்தை வேற ரூமில் இருக்கட்டும்.

எந்த இலையாலும் ஆகாத விஷயங்களும் இருக்கு. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனையுற மாதிரி ரத்தம் போனாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, கெட்ட வாடையோட போக்கு இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, தலைவலியோட கண் மங்கினாலோ, தையலில் சீழ் வச்சாலோ, "எனக்கு வாழப் பிடிக்கலை" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாலோ, அண்டாவை இறக்கி வெச்சிட்டு 108க்குக் கூப்பிடுங்க. வெள்ளகவி மாதிரி ரோடு இல்லாத மலை ஊர்களில் பிள்ளைத்தாச்சியையும் நோயாளியையும் டோலி கட்டித் தூக்கி வந்ததைப் பேப்பரில் எத்தனையோ தடவை படிச்சிருப்பீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்காக எங்க மலைச்சனம் அவ்வளவு தூரம் நடக்குது. தெரு முனையில் ஆஸ்பத்திரி இருக்கிற நீங்க "இயற்கை முறை" என்று வீட்டில் பிள்ளை பெறுகிற பேச்சைப் பேசினால் எங்களுக்கு வயிறு எரியும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஊரில் ஒரு பொண்ணு. பேர் வேணாம். தோட்டக் கூலி. புருஷன் லோடு ஏத்துற வேலை. கார்த்திகை மாசம் பிள்ளை பிறந்துச்சு. அந்த நேரம் காபிப் பழம் எடுப்பு உச்சத்தில் இருக்கும். வருஷத்தில் கை நிறையக் காசு பார்க்கிறதே அந்த ரெண்டு மூணு மாசம்தான். 23ஆம் நாள் அவள் தோட்டத்தில் நின்னா. சில்வர் ஓக் மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கிட்டுப் பழம் எடுத்தா. கால் ரெண்டும் நடுங்குச்சு, நான் பார்த்தேன். மலையில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்து போகிற உங்களுக்கே தெரியும்.

அவள் வீட்டு வேலியே நொச்சிதான். அந்தப் பாக்கெட்டில் இருக்கிற அத்தனை இலையும் அவளுக்குக் காசில்லாமல் கிடைக்கும், அதுவும் பச்சையாக் கிடைக்கும். இல்லாதது விறகு. 2013இல் எங்க மலைக்காட்டைக் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமா அறிவிச்ச பிறகு விறகுக்குக் காட்டுக்குள் போக ஆயிரம் கெடுபிடி. கேஸ் அடுப்பில் அண்டாத் தண்ணி கொதிக்க வெச்சால் சிலிண்டர் மாசம் தாங்காது. இல்லாதது ஆள். அம்மாவும் அதே தோட்டத்தில் கூலிக்குப் போறா, மாமியாரும் போறா. இல்லாதது நாள். இலை இருந்தும் அவளுக்கு அந்தக் குளியல் கிடைக்கலை. இலைதான் மருந்து என்று சொல்றவங்க இதுக்கு என்ன பதில் சொல்வாங்க?

என் மகள் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறா. அவளுக்குப் பிள்ளை பிறந்தப்போ 26 வாரம் சம்பளத்தோட லீவு கிடைச்சது. 1961ஆம் வருஷத்து மகப்பேறு பலன் சட்டத்தை 2017இல் திருத்திக் கொடுத்த லீவு அது. இங்கே வந்து அவ அம்மா கையால் தண்ணி ஊத்திக்கிட்டா. அரசு வேலையில் இருக்கிற பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து 12 மாசம். நல்லது, எல்லாரும் நல்லா இருக்கட்டும். ஆனால் அன்றாடம் சின்னத் தோட்டங்களில் கூலிக்குப் போறவளுக்கு இந்தச் சட்டம் எட்டாது. அவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கு. 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாப் போயிரும், கையில் 14,000, அதுவும் தவணை தவணையா. ஆறு வாரத்துக்கு, அதாவது 42 நாளைக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 333 ரூபாய். நூறு நாள் வேலைக் கூலி அளவுதான். கர்ப்பகாலம் பூராவுக்கும் சேர்த்து வர்ற பணம் அது என்பதையும் மறந்துடாதீங்க. இல்லை என்பதுக்கு இது எவ்வளவோ மேல், அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லலை. ஆனால் ஒருத்தியை ஆறு வாரம் தோட்டத்துக்குப் போகாமல் நிறுத்தி வைக்க அது பத்தாது.

ஓய்வு என்பது உலகம் பூரா தெரிஞ்ச மருந்து. எங்க மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதை வேதுகுளி என்பார்கள். மலாய்க்காரங்க 44 நாள் "பாந்தாங்" என்று காக்கிறாங்க. சீனர்கள் ஒரு மாசம் வீட்டோட உட்கார வைக்கிறாங்க. தென் அமெரிக்காப் பக்கம் ஸ்பானிஷ்காரங்க "குவாரென்தேனா" என்பாங்க, நாற்பது நாள் என்று அர்த்தம். கொரோனா காலத்தில் நாம் படிச்ச குவாரன்டைனும் அதே நாற்பதுதான். இலை ஊருக்கு ஊர் வேறே, தண்ணி வேறே, சாமி வேறே. நாள் கணக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்காத சனங்கள் இத்தனை பேர் ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க என்றால், பொம்பளை உடம்பு அந்த நாளைக் கேட்குது என்றுதானே அர்த்தம்?

நீங்க சொல்வீங்க: "ஐயா, நாங்க ரெண்டு பேர் மட்டும் அப்பார்ட்மெண்டில் இருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி, மாமியார் ஊரில். எங்களுக்குப் பொடி ஒண்ணுதான் வழி." உங்க கஷ்டம் புரியுது. அதுக்குப் பதில் பொடி இல்லை. வெறும் வெந்நீரே போதும், அதில் ஒண்ணும் குறைஞ்சு போகாது. வீட்டில் ஹீட்டர் இருக்கு, விறகு தள்ள வேண்டியதும் இல்லை. பாக்கெட்டுக்கும், லேகியத்துக்கும், இன்னும் ரிசார்ட்டில் "பிரசவ பேக்கேஜ்" என்று கேட்கிற காசுக்கும் பதிலா, ஒரு நல்ல பெண்ணை ஒரு மாசம் வேலைக்கு வையுங்க. முழுக் கூலி கொடுங்க. நாற்காலியில் உட்கார வெச்சுச் சாப்பாடு போடுங்க. மருத்துவச்சிக்கு நம்ம ஊர் செய்யாத மரியாதையை அவளுக்குச் செய்யுங்க.

அதுக்கும் வழியில்லையா? வீட்டில் ஒரு ஆம்பளை இருக்கானே, அவன் என்ன செய்யறான்? "ஆம்பளை போய்த் தண்ணி ஊத்துறதா?" என்று கிராமத்தில் கேட்டால் எனக்கு ஆச்சரியம் இல்லை. பி.டெக். படிச்ச பட்டணத்துப் பிள்ளைகளும் அதையே கேட்கிறாங்க. பிள்ளை பெற வெக்கம் இல்லை, பெத்தவளுக்குச் சொம்பு எடுத்து ஊத்த மட்டும் வெக்கமா? மத்திய அரசு வேலையில் இருக்கிற ஆணுக்குப் பிரசவத்துக்கு 15 நாள் லீவு இருக்கு. தனியார் கம்பெனியில் சட்டப்படி ஒண்ணும் கிடையாது. அதைக் கேளுங்க. சம்பளம் கூட்டிக் கேட்கிற மாதிரி அதையும் கேளுங்க. லீவு போட்டால் மட்டும் பத்தாது. ராத்திரி பிள்ளை அழுதால் எழுந்து தூக்குறதும், துணி அலசுறதும், அவள் தூங்குற ரெண்டு மணி நேரம் கதவைச் சாத்தி, வர்ற சொந்தக்காரங்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்புறதும் உங்க வேலை. அந்தத் தூக்கத்துக்கு நிகரான லேகியம் எங்க மலையில் ஒரு செடியிலும் இல்லை.

எங்க ஊர்த் தோட்டக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் சின்ன விவசாயிதான், கூலி கொடுக்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் பழம் எடுப்பு நேரத்தில் பச்சை உடம்புக்காரி வேலைக்கு வந்து நின்னா, "வா" என்று சொல்லி வரிசையில் நிறுத்தாதீங்க. நாலு தோட்டக்காரர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டால், ஒரு பொண்ணுக்கு நாற்பது நாள் கூலி கொடுத்து வீட்டில் உட்கார வைக்க முடியும். கோயில் திருவிழாவுக்கு வரி போடத் தெரிஞ்ச ஊருக்கு இது பெரிய காரியமா? அரசாங்கத்துக்கிட்டயும் கேட்கணும். கூலிப் பெண்ணுக்குக் கொடுக்கிறது "உதவி" என்று இருக்கக் கூடாது, நாற்பது நாள் கூலி என்று கணக்குப் போட்டு, பிள்ளை பிறந்த அன்னைக்கே கைக்கு வரணும்.

அதுவரைக்கும் அந்தப் பொடி பாக்கெட்டை நான் பார்க்கிறப்போ எல்லாம் எனக்கு ஒண்ணுதான் தோணும். பெண்ணுக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், செஞ்ச மாதிரி ஒரு திருப்தியைக் காசு கொடுத்து வாங்குறோம். பொடி போட்ட வாளியைப் பாத்ரூமில் வெச்சிட்டு "போய்க் குளி" என்று சொன்னால், அவள் தானே கதவைச் சாத்தி, தானே குனிஞ்சு, தையல் இழுக்கத் தானே மொண்டு ஊத்திக்கிட்டு, உள்ளே பிள்ளை அழுற சத்தம் கேட்டு ஈரத் தலையோட ஓடி வருவா. அதுக்குப் பேர் பிரசவக் குளியலா?

இந்த மலைக்கு வர்றவங்க யார் கேட்டாலும் என் வேலியில் இருந்து ஒரு கட்டு நொச்சி ஒடிச்சுத் தர்றேன். காசு வேணாம். ஆனால் தண்ணி ஊத்த யார் இருக்காங்க என்று முதலில் சொல்லிட்டு வாங்கிக்கோங்க.